பெரியவரும் அருகில் இருப்பவரும்: துக்கத்திலும் நோயிலும் ஆறுதல் தேடும் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒரு மரணம் நடந்திருக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்திருக்கலாம். பிள்ளை வீட்டைவிட்டுப் போயிருக்கலாம். இப்படிப்பட்ட நாட்களில் விசுவாசிகள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் இருக்கிறது. வசனங்கள் புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதலிலிருந்து எடுத்தவை. கத்தோலிக்க வாசகர்கள் திருவிவிலியத்தில் 'சங்கீதம்' என்பதைத் 'திருப்பாடல்' என்று தேடினால் அதே எண்ணில் கிடைக்கும். மிகப் பழைய கத்தோலிக்க ஜெபப்புத்தகங்களில் மட்டும் பெரும்பாலான சங்கீதங்களுக்கு ஓர் எண் குறைவாக இருக்கும். 23 அங்கே 22.

கடவுள் அவ்வளவு பெரியவர் என்றால், என் வீட்டுக் கவலை அவருக்கு ஒரு பொருட்டா?

இந்தச் சந்தேகம் நம் அனுபவத்திலிருந்து வருகிறது. பெரிய ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் சிபாரிசு வேண்டும், மனு எழுத வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். பதவி உயர உயர நாற்காலிக்கும் நமக்கும் தூரம் கூடும். அதே கணக்கைக் கடவுளுக்கும் போட்டுவிடுகிறோம்.

வேதம் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. சங்கீதம் 147-இன் 3, 4 வசனங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள்: "இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்குகிறார், அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார். அவர் நட்சத்திரங்களின் இலக்கத்தை எண்ணி, அவைகளுக்கெல்லாம் பேரிட்டு அழைக்கிறார்." காயத்துக்குக் கட்டுப் போடுவதும் நட்சத்திரத்தை எண்ணுவதும் இங்கே ஒருவருடைய வேலைதான். இரண்டுக்கும் நடுவே "ஆனாலும்" என்ற சொல்கூட இல்லை. இருண்ட கிராமத்து வானத்தில் வெறும் கண்ணுக்கு ஒரே நேரத்தில் சில ஆயிரம் நட்சத்திரங்கள்தான் தெரியும். நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்குக் குறையாமல் இருக்கின்றன. அத்தனைக்கும் பெயர் வைத்தவருக்கு இன்னும் ஒரு பெயரை, உங்கள் பெயரை, நினைவில் வைப்பது பாரமாகாது.

ஏசாயா 40-ஐயும் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்களைத் தேற்றுவதற்கான அதிகாரம் அது. 11-ஆம் வசனத்தில் ஆட்டுக்குட்டிகளைப் புயத்தில் சேர்த்து மடியில் சுமக்கிறார், "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்". கறவலாடு என்றால் குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய் ஆடு, விரட்டினால் தாங்காது. அடுத்த வசனத்திலேயே அவர் தண்ணீர்களைக் கைப்பிடியால் அளக்கிறார், வானங்களை ஜாணால் அளக்கிறார். மேய்ப்பனின் கையும் வானத்தை அளக்கும் கையும் ஒன்று. அந்த அளவு பெரிய கையில் இருப்பதால்தான் குட்டி நழுவி விழாது. பெரியவராக இல்லாத கடவுள் நம்மோடு சேர்ந்து அழ முடியும், அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. அருகில் வராத கடவுளோ எல்லாம் செய்யக்கூடியவர், ஆனால் நாம் அழுவது அவருக்குக் கேட்காது. கிறிஸ்தவ ஆறுதல் இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறது.

"சமீபமாயிருக்கிறார்" என்றால் சரியாக என்ன பொருள்? எங்கும் இருப்பவர்தானே?

எங்கும் இருக்கிறார் என்பது சங்கீதம் 139 சொல்வது: "நான் வானத்திற்கு ஏறினாலும், நீர் அங்கே இருக்கிறீர்." அது எல்லாருக்கும் பொது. சங்கீதம் 34:18 அதைவிடக் குறிப்பாகப் பேசுகிறது: "நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து" என்று. ஒரே வீட்டில் இருப்பது வேறு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது வேறு.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சமீபம் மாம்சமாகிறது. மத்தேயு சுவிசேஷம் 1:23-இல் "இம்மானுவேல்", தேவன் நம்மோடிருக்கிறார், என்று தொடங்கி, 28:20-இல் "சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்று முடிகிறது. முழுச் சுவிசேஷமும் இந்த இரண்டு வாக்குகளுக்கு நடுவே நிற்கிறது. யோவான் 14:16-இல் பரிசுத்த ஆவியானவருக்கு "தேற்றரவாளன்" என்று பெயர், திருவிவிலியத்தில் "துணையாளர்". மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு "பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர்" என்று பொருள். அதே வேரிலிருந்து வரும் சொற்கள் 2 கொரிந்தியர் 1:3-7 என்ற ஐந்து வசனங்களுக்குள் பத்து முறை வருகின்றன. ஆக, வேதத்தில் ஆறுதல் என்பது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பது.

எவ்வளவு ஜெபித்தாலும் அவர் அருகில் இருப்பதை உணர முடியவில்லை. என்னிடம் ஏதாவது தவறா?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். உணர்வைக் கொண்டு கடவுளின் தூரத்தை அளக்கக் கூடாது. காய்ச்சல்காரருக்குச் சோறு கசக்கிறது என்றால் கோளாறு நாக்கில் இருக்கிறது. துக்கமும் தூக்கமின்மையும் நீண்ட நோயும் ஆத்துமாவின் நாக்கை மரத்துப்போகச் செய்யும்.

இந்த அனுபவத்துக்கு வேதத்திலேயே இடம் உண்டு. சங்கீதம் 88-இல் 18 வசனங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்புவதில்லை. எபிரெயத்தில் இதன் கடைசிச் சொல் 'இருள்'. அப்படி முடிந்த ஜெபத்தையும் திருச்சபை ஒதுக்கிவிடாமல் பரிசுத்த வேதாகமத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. உங்கள் ஜெபமும் இன்றிரவு அப்படி முடியலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சங்கீதக்காரர் இருட்டிலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறார்.

எலியாவையும் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டார். கடவுள் முதலில் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் சாப்பாடு. "அமர்ந்த மெல்லிய சத்தம்" அதற்குப் பிறகு, 40 நாள் நடந்து ஓரேபை அடைந்த பின்புதான் வந்தது. நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர், மூன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர், முதலில் செய்ய வேண்டியது சாப்பிட்டுத் தூங்குவது. அது விசுவாசக் குறைவு ஆகாது.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. என்ன செய்வது?

சங்கீதம் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். அதில் நான்கு அசைவுகள் இருக்கின்றன, அவற்றின் மேல் உங்கள் சொந்த வாக்கியங்களை வைக்கலாம். முதலில் கூப்பிடுதல்: "கர்த்தாவே". அடுத்து முறையீடு: "எதுவரைக்கும்" என்று முதல் இரண்டு வசனங்களிலேயே நான்கு முறை கேட்கிறார் தாவீது. உங்கள் முறையீட்டைப் பொதுவாக வைக்காதீர்கள். "கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட, "அம்மா படுத்து எட்டு மாசம் ஆச்சு, எனக்கு முடியல" என்று சொல்லுங்கள். மூன்றாவது வேண்டுதல்: ஒன்றே ஒன்று, இன்றைக்கு வேண்டியது. கடைசியில் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." இந்தக் கடைசிப் படி இன்று வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அதை வலிந்து சொல்லும்போதுதான் ஜெபம் பொய்யாகத் தோன்றி, பலர் அடுத்த நாள் ஜெபிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

அதுவும் முடியாதபோது ஒரே வசனம் போதும். பழங்காலத்து எகிப்திய வனத்துறவிகள் சங்கீதம் 70:1-ஐ நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: தேவனே என்னை விடுவியும், எனக்குச் சகாயம் செய்யத் தீவிரியும். கத்தோலிக்கத் திருச்சபையின் அன்றாட ஜெபமாகிய திருப்புகழ்மாலை இன்றும் பெரும்பாலும் அந்த வசனத்தோடுதான் தொடங்குகிறது. மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறு பாதி. கீமோ ஏறும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் சொல்லலாம்.

அதற்கும் தெம்பில்லாத நாள் வரும். அந்த நாளுக்கு ரோமர் 8:26 இருக்கிறது. வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார்.

ஜெபத்தில் "நீர்", "தாரும்" என்றுதான் பேச வேண்டுமா? வீட்டுத் தமிழில் பேசினால் மரியாதைக் குறைவா?

எப்படியும் பேசலாம். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் ஒருவரைக் குறிக்கும் 'நீ'க்கு மரியாதை வேறுபாடு கிடையாது. அரசனுக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல். மொழிபெயர்த்தவர்கள் தமிழில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. "நீ" என்றால் கடவுளைத் தாழ்த்துவதாகக் கேட்கும், "நீங்கள்" என்றால் தள்ளி நிற்பதாகக் கேட்கும். நடுவில் இருந்த "நீர்" வேதாகமத்திலும் ஜெபத்திலும் ஊன்றிவிட்டது. யாழ்ப்பாணத்தில் நன்கு பழகியவரோடு பேசும்போது இன்றும் "நீர்" வழக்கில் உண்டு. மரியாதை குறையாத நெருக்கம் அது. கடவுள் பெரியவர், அருகில் இருப்பவர் என்ற இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டில் வைத்திருக்கும் சொல் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பது எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சங்கீதம் 23-இல் இந்தச் சொல்லின் வேலையைக் கண்கூடாகப் பார்க்கலாம். முதல் மூன்று வசனங்களில் கர்த்தரைப் பற்றிப் பேச்சு: மேய்க்கிறார், கொண்டுபோய் விடுகிறார், தேற்றுகிறார். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர், உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்." புல்வெளியில் கடவுளைப் பற்றிப் பேசியவர், பள்ளத்தாக்கில் கடவுளோடு பேசுகிறார். இந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி வாசியுங்கள்.

ராத்திரியில்தான் பயம் அதிகம். தூக்கம் வருவதில்லை.

இரவு ஜெபத்துக்கென்று திருச்சபை நெடுங்காலமாக வைத்திருக்கும் சங்கீதங்கள் 4, 91, 134. மூன்றையும் நிதானமாக வாசிக்க ஐந்தாறு நிமிடம் போதும். 4-இன் கடைசி வசனம் படுக்கையில் சொல்வதற்கென்றே இருக்கிறது. கண் மூடவே முடியாத இரவுக்கு 77: "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்று அவரிடமே குறை சொல்லலாம். நடுநிசியில் 121: நீங்கள் விழித்திருக்கும்போது அவரும் "உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை".

செல்போனில் வாசிக்க வேண்டாம். வசனத்துக்குப் போன கை வாட்ஸ்அப்புக்குப் போய்விடும், அங்கே யாரோ அனுப்பிய மரணச் செய்தி இருக்கும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தலையணை அருகே வையுங்கள்.

இது என் பாவத்துக்குத் தண்டனையா? விசுவாசம் இருந்தால் சுகம் கிடைத்திருக்கும் என்கிறார்களே.

பிறவியிலேயே பார்வையில்லாத மனிதனைக் காட்டி "யார் செய்த பாவம்" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார் (லூக்கா 13:4, 5). பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டும் மாம்சத்திலிருந்த முள் எடுக்கப்படவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் வீட்டில் வந்து அப்படிச் சொல்கிறவர் ஊழியக்காரராக இருந்தாலும், யோபுவின் சிநேகிதர்கள் செய்த தவறையே செய்கிறார். கடவுள் கோபப்பட்டது அந்தச் சிநேகிதர்கள் மேல்தான் (யோபு 42:7).

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை நிறைவேறவில்லை. வசனம் பொய்யா?

வசனம் பொய்யில்லை; பக்கத்து வசனத்திலிருந்து பிய்த்து எடுத்ததால் வரும் சிக்கல் இது. அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, நம்பிக்கையும் நல்ல முடிவும் தரும் நினைவுகள். அது பாபிலோனில் இருந்த சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் காலம் குறித்திருக்கிறது: 70 வருஷம். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட முதியவர்கள் யாரும் திரும்பி வந்திருக்க முடியாது. வாக்குத்தத்தம் நிஜம்தான், ஆனால் அந்த டிசம்பருக்குள் முடிவது அல்ல.

"தாங்க முடியாததைக் கடவுள் தரமாட்டார்" என்பதும் அப்படித்தான். 1 கொரிந்தியர் 10:13 சோதனையில் விழாமல் தப்பும் வழியைப் பற்றிப் பேசுகிறது. துன்பத்தைப் பற்றிப் பேசும்போது, எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்று அதே பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 1:8). உங்களுக்கும் தாங்க முடியவில்லையென்றால் நீங்கள் பவுலோடு நிற்கிறீர்கள்.

அட்டை வைத்திருப்பதில் தவறில்லை. ஒரு பழக்கம் மட்டும் வேண்டும்: அந்த அதிகாரம் முழுவதையும் ஒரு முறை வாசித்த பிறகு சுவரில் ஒட்டுங்கள்.

ஒழுங்காகத் தியானிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

சங்கீதம் 139. மொத்தம் 24 வசனம், ஆறாறாக நான்கு பகுதியாகப் பிரியும், நான்கு நாளுக்குச் சரியாக இருக்கும். 1 முதல் 6 வரை: அவர் என்னை அறிந்திருக்கிறார். 7 முதல் 12: அவரைவிட்டு ஓட இடமில்லை. 13 முதல் 18: தாயின் கர்ப்பத்திலேயே என்னை உருவாக்கினார். 19 முதல் 24: கோபமும், "என்னை ஆராய்ந்து" பாரும் என்ற வேண்டுதலும்.

ஒரு நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு முறை வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் முறை மெதுவாக வாசித்து, மனதில் ஒட்டும் ஒரு சொல்லில் நில்லுங்கள். அந்தச் சொல்லை வைத்து இரண்டு வாக்கியம் அவரிடம் பேசுங்கள். பிறகு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். நான்கு நாள் முடிந்ததும் புதிய சங்கீதத்துக்குத் தாவாமல் இதையே இன்னொரு சுற்று வாருங்கள். இரண்டாம் சுற்றில்தான் வரிகள் மனதில் பதியத் தொடங்கும்.

பெரும்பாலும் தவறுவது இரண்டு இடங்களில். ஒரே நாளில் பத்துச் சங்கீதம் வாசித்துக் களைத்துவிடுவது முதலாவது. 19 முதல் 22 வரையுள்ள கோப வசனங்களை அருவருப்போடு தாண்டிவிடுவது அடுத்தது. தாண்டாதீர்கள். உங்களுக்குத் தீங்கு செய்தவர்மேல் இருக்கும் கோபத்தையும் அவர் முன்னால் வைக்கலாம். வைத்த பிறகு தன்னையே ஆராயச் சொல்கிறார் தாவீது என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

அவருடைய மகத்துவத்தை நினைத்தால் ஆறுதலைவிடப் பயம்தான் வருகிறது.

யோவானுக்கும் அப்படித்தான் இருந்தது. பத்மு தீவில் மகிமையின் கிறிஸ்துவைக் கண்டு செத்தவனைப்போல விழுந்தார். வெளிப்படுத்தின விசேஷம் 1:16-இல் அவர் வலதுகரத்தில் ஏழு நட்சத்திரங்கள். அடுத்த வசனத்தில் அதே வலதுகரத்தை யோவான்மேல் வைத்து "பயப்படாதே" என்கிறார்.

மனச்சோர்வுக்கு டாக்டரிடம் போவது அவிசுவாசமா?

இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் விசுவாசத்தை இழப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தையும் விட வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற அரசு மனநல உதவி எண்களில் இரவும் பகலும் பேசலாம்.

துக்க வீட்டுக்கும் நோயாளியிடமும் போகும்போது என்ன சொல்வது?

குறைவாகச் சொல்லுங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் செய்ததில் சரியானது அதுதான், வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். லாசருவைத் தாமே எழுப்பப் போவது தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். "அழாதே, பரலோகத்தில் இருக்கிறார்" என்று அழுகையை அடக்காதீர்கள். "கர்த்தருக்குப் பிரியமானதால் எடுத்துக்கொண்டார்" என்று பிள்ளையை இழந்த தாயிடம் சொல்லவே சொல்லாதீர்கள். கடவுளைத் திருடனாக்கும் பேச்சு அது. இறந்தவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். அடக்கம் முடிந்த வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். ஆறாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள், அப்போது போங்கள், சாப்பாட்டுத் தூக்கோடு.

கடைசி நேரத்தில் இருப்பவருக்கு வாசிக்கும்போது தலைமாட்டில் குனிந்து, காதருகே, சாதாரணக் குரலில் வாசியுங்கள். கண் திறக்காவிட்டாலும் காது கேட்கக்கூடும். நீண்ட அதிகாரம் வேண்டாம். சங்கீதம் 23 போதும், சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவராக இருப்பார். அவர் பழகிய திருப்புதலிலேயே வாசியுங்கள். புதிய மொழிபெயர்ப்பு தெளிவாக இருந்தாலும் அந்த நேரத்தில் அந்நியமாகக் கேட்கும். நான்காம் வசனத்துக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். உதடு அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் நீங்கள் நிறுத்தி, மீதியை அவர் சொல்லவிடுங்கள்.